பெரிய நிறுவனத்தில் அஜைல்: வேலை நடக்கும் நாளும் காத்துக் கிடக்கும் நாளும்

வாடிக்கையாளர் தன் முகவரியைத் தானே திருத்திக்கொள்ள ஒரு பக்கம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். என்ன தேவை என்று பேசி முடிக்க 1 நாள், நிரல் எழுத 3 நாள், இன்னொருவர் படித்துப் பார்க்க அரை நாள், சோதிக்க 2 நாள், வெளியிட அரை நாள். கூட்டினால் 7 நாள். ஆனால் கேட்டவர் கைக்கு அது போய்ச் சேர 84 நாள் ஆகிறது. மீதி 77 நாள் எங்கே போயிற்று? ஒப்புதல் குழு கூடும்வரை 14 நாள், கட்டமைப்புக் குழுவின் கையெழுத்துக்கு 10, வாடிக்கையாளர் தரவைக் கையில் வைத்திருக்கும் வேறொரு டீம் ஒரு ஏபிஐ (ஒரு மென்பொருளின் தரவை இன்னொன்று எடுக்கும் வாயில்) திறந்துவிட 24, சோதனைச் சூழல் காலியாக 9, அடுத்த ரிலீஸ் தேதி வர 20.

இது உதாரணக் கணக்குதான். ஆனால் பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்த யாருக்கும் இந்தப் பட்டியல் புதிதாக இருக்காது. பலருடைய பட்டியல் இதைவிட நீளம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிரலாளர்கள் இரு மடங்கு வேகமாக எழுதினாலும் 84 நாள் 82.5 நாளாகத்தான் குறையும். தினமும் காலையில் நின்றபடி கூட்டம் நடத்தினாலும், சுவர் முழுக்க வண்ணச் சீட்டு ஒட்டினாலும், அந்த 77 நாளை அவை தொடுவதில்லை. அஜைல் என்பது மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாக அடிக்கடி கொடுத்துத் திருத்திக்கொண்டே போகும் முறை; அடிப்படையில் காத்திருப்பைக் குறைக்கும் ஏற்பாடு. சிறிய நிறுவனத்தில் காத்திருப்பு டீமுக்குள்ளேயே இருக்கிறது; டீம் நினைத்தால் குறைத்துவிடலாம். பெரிய நிறுவனத்தில் அது டீமுக்கு வெளியே, யாருக்கும் சொந்தமில்லாத இடைவெளிகளில் கிடக்கிறது. பெரும்பாலான மாற்ற முயற்சிகள் டீமை மட்டும் மாற்றிவிட்டு இடைவெளிகளை அப்படியே விட்டுவிடுகின்றன.

சிறிய அறைக்காகப் பிறந்த முறை

அஜைல் என்ற பெயர் 2001 பிப்ரவரியில் வந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்குத் தலத்தில் 17 பேர் கூடி, 4 மதிப்பீடுகளும் 12 கோட்பாடுகளும் கொண்ட சிறு அறிக்கை ஒன்றை எழுதினார்கள். முறைகள் அதற்கு முன்பே இருந்தன. கென் ஷ்வாபரும் ஜெஃப் சதர்லாண்டும், சிறு டீம் குறுகிய சுற்றுகளில் வேலை செய்யும் ஸ்கிரம் முறையை 1995-லேயே ஒரு மாநாட்டில் முன்வைத்திருந்தார்கள். கென்ட் பெக், கிறைஸ்லர் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருளில் வேலை செய்தபோது, அடிக்கடி சோதித்து அடிக்கடி சேர்க்கும் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறைக்கு உருக்கொடுத்திருந்தார். எல்லாமே ஒரே அறையில் உட்காரக்கூடிய டீம்களை மனத்தில் வைத்துச் செய்தவை. ஸ்கிரம் வழிகாட்டியின் 2020 பதிப்பு இன்றும் ஒரு டீமுக்கு 10 பேர் அல்லது அதற்கும் குறைவு என்றுதான் சொல்கிறது.

10 என்பது மந்திர எண் அல்ல, வெறும் கணக்கு. 6 பேர் இருந்தால் அவர்களுக்குள் இரண்டிரண்டு பேராகப் பேசும் வழிகள் 15. 10 பேருக்கு 45. 20 பேருக்கு 190. ஆள் இரண்டு மடங்கானால் பேச்சு நான்கு மடங்கைத் தாண்டுகிறது. ஆவணங்களும் ஒப்புதல் குழுக்களும் படிநிலைகளும் தோன்றியதே இந்தப் பேச்சைக் கட்டுப்படுத்தத்தான். அவற்றை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது; ஒவ்வொன்றும் எப்போதோ நடந்த ஒரு விபத்துக்கு யாரோ கண்ட பரிகாரம். எந்த விபத்து என்று தெரியாமல் பரிகாரத்தை மட்டும் எடுத்தால் விபத்து திரும்ப வரும்.

பெயர் மாற்றம் ஏன் முதலில் வருகிறது

2012-ல் ஸ்பாட்டிஃபை நிறுவனத்தில் டீம்கள் எப்படி இயங்குகின்றன என்று ஹென்ரிக் க்னிபெர்க், ஆண்டர்ஸ் இவார்ஸன் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். டீமுக்கு ஸ்குவாட் என்று பெயர், பல ஸ்குவாட் சேர்ந்தால் டிரைப், ஒரே திறன் கொண்டவர்கள் சேர்ந்தால் சேப்டர், விருப்பமுள்ளவர்கள் கூடினால் கில்ட். அது அந்த நேரத்தில் அந்த நிறுவனம் இருந்த நிலையின் படம் மட்டுமே, இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்று அந்தக் கட்டுரையிலேயே சொல்லியிருந்தார்கள். உலகம் அந்த வரியை விட்டுவிட்டுப் பெயர்களை எடுத்துக்கொண்டது.

பெயர் மாற்றுவது சுலபம் என்பதுதான் காரணம். புதிய அமைப்புப் படத்தை ஒரு மாதத்தில் வரைந்துவிடலாம். இரண்டு நாள் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் வழங்கலாம். எத்தனை டீம் மாறிவிட்டது என்று மேலிடத்துக்கு விழுக்காட்டில் காட்டலாம். ஒப்புதல் குழுவைக் கலைப்பது அப்படியல்ல. அதற்கு ஒருவருடைய அதிகாரத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். கடைசியில் திட்ட மேலாளர் ஸ்கிரம் மாஸ்டர் (டீம் முறைப்படி இயங்கப் பார்த்துக்கொள்பவர்) ஆகிறார், தேவை அலசுபவர் புராடக்ட் ஓனர் (எந்த வேலை முதலில் என்று முடிவு செய்பவர்) ஆகிறார், வாராந்தர நிலவர அறிக்கை தினசரி ஸ்டேண்ட்-அப் ஆகிறது. பழைய கள், புது மொந்தை. 77 நாள் 77 நாளாகவே இருக்கிறது.

அமைப்பையே திருப்பிப் போட்டவர்களும் உண்டு. ஐ.என்.ஜி. வங்கி 2015-ல் நெதர்லாந்துத் தலைமையகத்தில் சுமார் 3,500 பேரைச் சுமார் 350 சிறு டீம்களாக, 13 டிரைப்களாகப் பிரித்தது. அங்கே பெயர் மட்டும் மாறவில்லை. சந்தைப்படுத்துபவர், தரவு அலசுபவர், நிரலாளர் எல்லோரும் ஒரே டீமில் உட்கார்ந்தார்கள். ஒரு முடிவுக்காகத் துறைவிட்டுத் துறை போய்வரும் நடை குறைந்தது. இரண்டு வகை முயற்சிக்கும் வெளியே சொல்லும் சொற்கள் ஒன்றே. அதனால்தான் ஒரு நிறுவனம் உண்மையிலேயே மாறியிருக்கிறதா என்று சொற்களை வைத்துக் கண்டுபிடிக்க முடிவதில்லை.

நூறு விழுக்காடு வேலை என்னும் பொறி

காத்திருப்பு எப்படி உருவாகிறது என்பதற்கு வரிசைக் கோட்பாட்டில் எளிய விடை இருக்கிறது. ஒருவரிடம் வேலைகள் ஒழுங்கற்ற இடைவெளியில் வந்து சேர்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் வேறுபடுகிறது என்று கொள்ளுங்கள். அவர் தன் நேரத்தில் 50 விழுக்காடு வேலையில் இருந்தால், புதிதாக வரும் வேலை சராசரியாக ஒரு வேலையின் நேரம் அளவுக்குக் காத்திருக்கும். 80 விழுக்காடு என்றால் 4 மடங்கு. 90-க்கு 9 மடங்கு. 95-க்கு 19 மடங்கு. யாரும் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்று ஒவ்வொரு துறையும் தன் ஆட்களை 95 விழுக்காடு நிரப்பி வைத்தால், எல்லோரும் மும்முரமாக இருப்பார்கள். வேலை மட்டும் நகராது. நிரம்பி வழியும் சாலையில் எல்லா வண்டியின் இன்ஜினும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னொரு கணக்கு லிட்டில் விதி. கையில் திறந்து கிடக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, வாரத்துக்கு முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை தொடங்கி முடிய ஆகும் சராசரி வாரங்கள் கிடைக்கும். வாரம் 4 முடிக்கும் டீமிடம் 40 வேலை திறந்திருந்தால் 10 வாரம். அதே டீம், அதே வேகம், திறந்திருப்பவை 12 என்றால் 3 வாரம். யாரும் கூடுதலாக உழைக்கத் தேவையில்லை. எந்த வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் கான்பான் பலகையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இத்தனைக்கு மேல் கூடாது என்று வரம்பு எழுதுவது இதற்காகத்தான். வரம்பை எழுதிவிட்டு, அவசரம் என்று வருகிற ஒவ்வொன்றையும் அதற்கு மேல் உள்ளே விட்டால் பலகை வெறும் அலங்காரம். நடைமுறையில் செய்யக்கூடியது: அவசர வேலைக்கு ஒரே ஒரு இடம் ஒதுக்குங்கள். அந்த இடம் காலியாகும்வரை அடுத்த அவசரம் காத்திருக்கட்டும். இரண்டு உயரதிகாரிகளின் அவசரங்கள் மோதும்போது எது முதலில் என்று அவர்களே பேசிக்கொள்ள வேண்டி வரும். டீமின் தலையில் அந்தத் தகராறு விழாது.

டீம் எதைச் சுற்றி அமைய வேண்டும்

முகவரிப் பக்கத்துக்கு மிக நீண்ட காத்திருப்பு 24 நாள், வேறொரு டீமின் வரிசையில். மெல்வின் கான்வே 1968-ல் எழுதியது இங்கே பொருந்தும்: ஒரு அமைப்பு உருவாக்கும் மென்பொருளின் வடிவம், அந்த அமைப்பினர் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் வடிவத்தின் நகலாகவே வரும். தரவுத்தளத்துக்கு ஒரு டீம், இடைநிலை அடுக்குக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று என்று பிரித்து வைத்தால், வாடிக்கையாளர் கேட்கும் எந்தச் சிறு மாற்றமும் நான்கு வரிசைகளில் நின்றுதான் வெளியே வரும். ஒவ்வொரு டீமும் சொன்ன தேதிக்கு முடிக்கும் வாய்ப்பு 80 விழுக்காடு என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 5 டீம்கள் சேர வேண்டிய வேலை உரிய தேதியில் முடியும் வாய்ப்பு சுமார் 33 விழுக்காடுதான்.

ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை செய்யத் தேவையான திறன்கள் ஒரே டீமில் இருக்கும்படி அமைப்பது இதற்கு மாற்று. சொல்வது எளிது. செய்யும்போது இரண்டு இடத்தில் இடிக்கும். முதலாவது, 15 ஆண்டு பழைய கணக்கு மென்பொருளின் உள்விவகாரம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். 12 டீம்களுக்கும் அவர்கள் தேவை. அவர்களைப் பங்குபோட்டு அரை நாள் இங்கே, அரை நாள் அங்கே என்று ஓட விட்டால் எல்லா டீமும் அவர்களுக்காகக் காத்திருக்கும். மாறாக, அந்த நிரலை எந்த டீமும் தொட்டுத் திருத்தலாம், சேர்ப்பதற்கு முன் அந்த இருவரில் ஒருவர் படித்துச் சரிசொல்ல வேண்டும் என்று விதி வைத்தால், முதல் 3 மாதம் தடுமாற்றமாக இருக்கும். பிறகு தெரிந்தவர்கள் இரண்டு பேர் 8 பேர் ஆவார்கள். இரண்டாவது, எல்லா டீமும் எல்லாவற்றையும் தொட்டால் ஒருவர் செய்ததை இன்னொருவர் உடைப்பார். அங்கேதான் தொழில்நுட்ப ஒழுங்கு வருகிறது. அது இல்லாத அஜைல் ஆறே மாதத்தில் மூச்சுத் திணறும்.

பத்து நிமிட பில்ட், மூன்று வாரச் சோதனை

இரண்டு வார ஸ்பிரின்ட், அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு வேலைச் சுற்று, என்று அறிவித்த நிறுவனத்தில் முழு மறுசோதனைக்கு 10 பேர் 3 வாரம் கையால் வேலை செய்ய வேண்டியிருந்தால், ஸ்பிரின்ட் முடிவில் வெளியிடத்தக்கது எதுவும் இருக்காது என்பது கூட்டல் கணக்கு. இருந்தாலும் இப்படிப்பட்ட நிறுவனங்கள் ஏராளம். டெஸ்டிங்குக்கு மட்டும் தனியாக ஒரு ஸ்பிரின்ட் பிறகு வரும் என்பார்கள். அந்த ஸ்பிரின்ட்டில் கண்டுபிடிக்கும் பிழைகள் அடுத்த ஸ்பிரின்ட்டின் வேலையைத் தின்னும். ஒரு கட்டம் முழுதாக முடிந்த பிறகே அடுத்தது என்ற பழைய அருவி முறையே சின்னச் சின்னப் படிகளாக இறங்கும்.

தேவைப்படுவது என்ன என்பது எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் காலத்திலிருந்தே தெரிந்ததுதான். எல்லோரும் ஒரே மையக் கிளையில், அதாவது பொதுவான நிரல்தொகுப்பில், நாளுக்கு ஒரு முறையாவது தங்கள் நிரலைச் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் தானியங்கிச் சோதனை ஓடி 10 நிமிடத்துக்குள் விடை சொல்ல வேண்டும். 10 நிமிடம் ஏன்? அதற்கு மேல் போனால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார்; விடை வரும்போது மனம் அங்கே இருக்காது. பெரும்பகுதிச் சோதனைகள் நிரலின் சிறு துண்டுகளை மட்டும் தனித்துச் சரிபார்ப்பவையாகவும், திரையைத் திறந்து பொத்தானை அழுத்தும் வகை குறைவாகவும் இருந்தால்தான் அந்த நேரத்துக்குள் அடங்கும்.

பெரிய நிறுவனங்கள் இங்கே சறுக்கும் இடம், காரணமில்லாமல் சில நேரம் தோற்கும் சோதனைகள். ஒரு சோதனை ஆயிரத்தில் ஒரு முறைதான் பொய்யாகத் தோற்கிறது என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் அப்படிப்பட்ட 1,000 சோதனைகள் இருந்தால், நிரலில் எந்தக் குறையும் இல்லாதபோதும் முழுத் தொகுப்பும் தேறிப் பச்சையாக வரும் வாய்ப்பு 37 விழுக்காடுதான். மூன்றில் இரண்டு முறை சிவப்பு. சில வாரத்தில் சிவப்பைப் பார்த்துப் பழகிப்போய், மறுபடி ஓடவிட்டுப் பார் என்பதே வழக்கமாகிவிடும். உண்மையான பிழையும் அந்தக் கூட்டத்தோடு கடந்துபோகும். பொய்யாகத் தோற்கும் சோதனையை அன்றைக்கே தொகுப்பிலிருந்து பிரித்து வைத்து, ஒருவர் பெயரில் எழுதி, 2 வாரத்தில் சரிசெய்ய வேண்டும் அல்லது அழித்துவிட வேண்டும். அழிக்க மனம் வராது. அழிக்கத்தான் வேண்டும்.

இதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட்டில் இன்று அஸூர் டெவ்ஆப்ஸ் என்று அழைக்கப்படும் பொருளை உருவாக்கும் பிரிவு நல்ல சான்று. 2010-ல் 3 வார ஸ்பிரின்ட்டுக்கு மாறினார்கள். அவர்களிடம் மெதுவாக ஓடும் பழைய சோதனைகள் சுமார் 27,000 இருந்தன. அவற்றை ஒழித்து வேகமான சோதனைகளாக மாற்றி எழுத 40-க்கும் மேற்பட்ட ஸ்பிரின்ட்டுகள், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஆண்டு ஆயிற்று. அவர்களுடைய இன்னொரு விதியையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: டீமில் உள்ள பொறியாளர் எண்ணிக்கையை 5-ஆல் பெருக்குங்கள். திறந்திருக்கும் பிழைகள் அதைத் தாண்டினால் புதிய வசதி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பிழைகளைச் சரிசெய்ய வேண்டும். 8 பேர் என்றால் 40. விவாதத்துக்கு இடமில்லை.

இன்னும் எழுதி முடிக்காத வசதியை மையக் கிளையில் சேர்த்தால் பயனாளர் பார்த்துவிட மாட்டாரா என்ற கேள்விக்கு விடை ஃபீச்சர் ஃப்ளாக், அதாவது நிரலை வெளியே அனுப்பிவிட்டு வசதியை மட்டும் அணைத்து வைக்கும் சுவிட்ச். ஒவ்வொரு சுவிட்சுக்கும் அதை நீக்கும் தேதியையும் அன்றே எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் சாட்சி. பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த ஒரு நிரலின் சுவிட்சை 2012 ஆகஸ்ட் 1 அன்று புதிய வசதிக்காக மறுபடி பயன்படுத்தினார்கள். 8 சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் போய்ச் சேரவில்லை. அங்கே பழைய நிரல் விழித்துக்கொண்டு 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பை உண்டாக்கியது. 8 சர்வர்களுக்கும் கையால் நிரல் அனுப்பியதும், அனுப்பியது சேர்ந்ததா என்று இரண்டாவது ஆள் பார்க்காததும் சேர்ந்த விபத்து அது. அடிக்கடி வெளியிடுவது ஆபத்து என்று இதைக் காட்டிச் சொல்பவர்கள் உண்டு. கையால் வெளியிடுவதுதான் ஆபத்து.

எங்கே தொடங்குவது

ஒரே நாளில் எல்லோரும் மாறுவதா, சிறிதாகத் தொடங்கிப் பரவுவதா என்பது பழைய சர்ச்சை. முதல் வழிக்கு எப்போதும் காட்டப்படும் உதாரணம் சேல்ஸ்ஃபோர்ஸ். தொடக்கத்தில் ஆண்டுக்கு 4 முறை வெளியிட்ட நிறுவனம், கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக 2006-ல் ஆண்டுக்கு ஒரு வெளியீட்டுக்கு வந்து நின்றது. அந்த ஆண்டின் இறுதியில் தொடங்கி 30-க்கும் மேற்பட்ட டீம்களை 3 மாதத்தில் ஸ்கிரமுக்கு மாற்றினார்கள். பலித்தது. ஆனால் அவர்களிடம் இருந்தது ஒரே பொருள், ஒரே நிரல்தொகுப்பு, மாற்றத்துக்கு முன்பே கையில் இருந்த தானியங்கிச் சோதனைகள். 40 பொருள்களும் 6 நாடுகளும் ஒப்பந்த வேலையாட்களும் கொண்ட நிறுவனம் அதே வழியைப் பின்பற்றினால் அதே பலன் கிடைக்கும் என்று நம்புவதற்கில்லை.

பெரும்பாலான நிறுவனங்களுக்குப் பொருந்துவது இது: வாடிக்கையாளர் கையில் போய்ச் சேரும் ஒரு பொருளை எடுங்கள், 3 முதல் 5 டீம் அளவு, நிறுவனத்துக்கு ஓரளவு முக்கியமானதாக இருக்க வேண்டும். முக்கியமில்லாததை எடுத்தால் வெற்றி பெற்றாலும் யாரும் மதிக்க மாட்டார்கள். உயிர்நாடியை எடுத்தால் முதல் தடுமாற்றத்திலேயே பழைய முறைக்கு இழுத்துவிடுவார்கள். முதல் 2 வாரம் எதையும் மாற்றாமல், கடந்த 6 மாதத்தில் முடிந்த 20 வேலைகளை எடுத்து, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் யார் கையில் இருந்தது என்று டிக்கெட் (வேலைச் சீட்டு) பதிவுகளிலிருந்து எழுதுங்கள். 84 நாளில் 7 போன்ற ஒரு எண் உங்களுக்கும் கிடைக்கும். அந்தத் தாளை முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் காட்டி, மிக நீண்ட காத்திருப்பு எதுவோ அதை நீக்கும் அனுமதியை, இந்தப் பொருளுக்கு மட்டும், 6 மாதத்துக்கு மட்டும் என்று கேளுங்கள். நிரந்தர விதிவிலக்கை யாரும் தர மாட்டார்கள், தற்காலிகமானது கிடைத்துவிடும்.

அதன்பின் டீமை அமைப்பது, புராடக்ட் ஓனரை நியமிப்பது, ஸ்பிரின்ட் தொடங்குவது. இந்தப் பகுதிக்கு வழிகாட்டிகள் ஏராளம் என்பதால் விரிக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். புராடக்ட் ஓனருக்கு வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் இருக்க வேண்டும். பெரிய நிறுவனத்தில் உண்மையான முடிவெடுப்பவர் நேரமில்லாதவர். தனக்குப் பதிலாக ஒருவரை அனுப்புவார். அந்தப் பதிலாள் எதைக் கேட்டாலும் கேட்டுச் சொல்கிறேன் என்பார். டீம் அந்த விடைக்காகக் காத்திருக்கும். புதிதாக ஒரு வரிசை, நம் கையாலேயே. ஒரு கேள்விக்கு விடை வர சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்று ஒரு மாதம் குறித்து வைத்தால் பதிலாளை வைத்திருப்பதன் விலை தெரியும்.

பல டீம்கள் சேர்ந்து திட்டமிடும்போது

இதற்குச் சந்தையில் பல சட்டகங்கள் இருக்கின்றன. நெக்ஸஸ் 3 முதல் 9 டீம் வரைக்கானது. லெஸ் 2 முதல் 8 டீம்களுக்கு ஒரே வேலைப்பட்டியல், ஒரே புராடக்ட் ஓனர் என்கிறது. அதைவிடப் பெரிதானால் தனிப் பதிப்பு. சேஃப் 50 முதல் 125 பேர் வரையிலான டீம்களின் தொகுப்பை ஒரு ரயில் என்று கொண்டு, 8 முதல் 12 வாரத்துக்கு ஒரு முறை எல்லோரையும் 2 நாள் ஒன்றாக உட்காரவைத்துத் திட்டமிடச் சொல்கிறது.

சேஃப்பைக் கிண்டல் செய்வது நிரலாளர்களிடையே ஒரு வழக்கம். அதன் கனத்தைப் பார்த்தால் கிண்டலில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த 2 நாள் கூட்டத்தை ஒரேயடியாக ஒதுக்கக் கூடாது. ஒரு டீமின் வேலை இன்னொரு டீமைச் சார்ந்திருந்தால் பலகையில் இரண்டு சீட்டுகளுக்கு நடுவே சிவப்பு நூல் கட்டுவார்கள். இரண்டாம் நாள் மாலை அந்தப் பலகை சிலந்திவலை போல் இருந்தால், டீம்களைப் பிரித்த விதமே தவறு என்பது 100 பேருக்கும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். வேறு எந்த அறிக்கையும் இவ்வளவு தெளிவாக அதைச் சொல்லாது. இங்கே நடக்கும் தவறு என்னவென்றால், நூல்களை மேலாண்மை செய்ய ஒருவரை நியமிப்பார்கள். அவருக்கு உதவியாக இன்னொருவர். வாரம் இரண்டு ஒருங்கிணைப்புக் கூட்டம். நூலைக் குறைப்பது யாருடைய வேலையும் ஆகாது. ஒவ்வொரு கூட்டத்திலும் நூல்களை எண்ணி எழுதுங்கள். மூன்றாவது கூட்டத்திலும் எண் குறையவில்லை என்றால் டீம்களின் எல்லையை மாற்ற வேண்டிய நேரம்.

பணமும் மதிப்பீடும்

நிதித்துறை ஆண்டுக்கு ஒரு முறை, திட்டத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்குகிறது. அந்தத் தொகையைப் பெற ஆண்டு தொடங்கும் முன்பே என்ன செய்வோம், எந்தத் தேதியில் என்று எழுதிக்கொடுத்தாக வேண்டும். எழுதிக்கொடுத்த பின் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கற்றுக்கொண்டு மாற்றுவோம் என்றால், மாற்றிய ஒவ்வொன்றும் தணிக்கையில் விலகல் என்று பதிவாகும். டீம் எவ்வளவு நெகிழ்வாக இருந்தாலும் பணம் அதைக் கல்லில் கட்டிவைக்கிறது. நிரந்தரமான டீமுக்கு ஆண்டுச் செலவு இவ்வளவு என்று ஒதுக்கிவிட்டு, அந்த டீம் எதில் வேலை செய்ய வேண்டும் என்பதைக் காலாண்டுக்கு ஒரு முறை முடிவு செய்வது இதற்கு மாற்று. ஆட்களின் செலவுதான் மென்பொருளின் பெருஞ்செலவு. டீம் நிலையாக இருந்தால் அந்தத் தொகை நிதித்துறைக்கு முன்னைவிடத் துல்லியமாகவே தெரியும். இதைச் சொல்லிப் புரியவைத்தால் பெரும்பாலும் அவர்கள் எதிரி ஆவதில்லை.

வெளி ஒப்பந்தம் இன்னும் கடினம். அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் கதை இதற்கு உதாரணம். விர்ச்சுவல் கேஸ் ஃபைல் என்ற வழக்குக் கோப்பு மென்பொருளுக்குச் சுமார் 17 கோடி டாலர் செலவழித்து 2005-ல் கைவிட்டார்கள். 2006-ல் சென்டினல் என்று மறுபடி தொடங்கினார்கள். 2010 ஆகஸ்டுக்குள் 45.1 கோடி டாலர் ஒதுக்கீட்டில் சுமார் 40.5 கோடி தீர்ந்திருந்தது. 4 கட்டங்களில் 2 மட்டுமே வந்திருந்தன. அப்போது பொறுப்பை ஒப்பந்த நிறுவனத்திடமிருந்து தங்கள் கையில் எடுத்துக்கொண்டு, ஆட்களைக் குறைத்து, 2 வார ஸ்பிரின்ட்டில் வேலை செய்து, 2012 ஜூலையில் எல்லா ஊழியருக்கும் திறந்துவிட்டார்கள். ஸ்பிரின்ட்டைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தேவைப் பட்டியலை வரிசைப்படுத்தும் அதிகாரமும் வேலை செய்யும் டீமும் ஒரே கூரையின் கீழ் வந்ததுதான் அதைவிடப் பெரிய மாற்றம் என்பது எங்கள் கணிப்பு.

மனிதர்களை மதிப்பிடும் முறையும் பணத்தோடு சேர்ந்தது. 8 பேர் டீமில் ஒருவருக்குத்தான் முதல் தரம், ஒருவர் கட்டாயம் கடைசித் தரம் என்றால், பக்கத்து இருக்கைக்காரருக்கு உதவுவது தனக்கே வைக்கும் வேட்டு. மைக்ரோசாஃப்ட் இத்தகைய கட்டாயத் தரவரிசையை 2013-ல் நீக்கியது. நடு மேலாளர்களின் அச்சமும் நியாயமானதே. வேலையைப் பிரித்துக் கொடுப்பதுதான் 12 ஆண்டாக அவர்கள் வேலை. அதை டீமே செய்துகொள்ளும் என்றால் அவர்கள் எதற்கு? விடை இருக்கிறது: ஆளெடுப்பு, திறன் வளர்ப்பு, வெளியே இருக்கும் தடைகளை நீக்குவது. முதல் வாரத்திலேயே அதை எழுத்தில் கொடுத்து, ஊதியப் படிநிலை மாறாது என்றும் சொல்லாவிட்டால், அவர்கள் வெளிப்படையாக எதிர்க்க மாட்டார்கள். தலையாட்டிவிட்டு எதையும் நகரவிட மாட்டார்கள். ஸ்கிரம் மாஸ்டர் போன்ற தனிப் பதவிகளும் பத்திரமல்ல. கேப்பிடல் ஒன் 2023 ஜனவரியில் சுமார் 1,100 அஜைல் பதவிகளை நீக்கியது; அந்த வேலையைப் பொறியாளர்களும் பொருள் மேலாளர்களும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்கள் என்றது.

எதை அளப்பது

ஸ்டோரி பாயின்ட் ஒரு டீம் தன் வேலையைத் தானே மதிப்பிட வைத்துக்கொண்ட அளவுகோல். இரண்டு டீம்களின் வேகத்தை அதை வைத்து ஒப்பிட்டால், அடுத்த மாதமே 3 புள்ளி வேலை 5 புள்ளி ஆகிவிடும். வேகம் சுமார் 67 விழுக்காடு கூடியதாகப் படம் காட்டும். வெளியே வந்தது அதேதான். ஏமாற்று என்று அவர்களைக் குறை சொல்ல முடியாது. அளவுகோலை இலக்காக்கியவர்கள் செய்த வினை.

அளக்க வேண்டியவை நான்கு போதும்: எவ்வளவு அடிக்கடி வெளியிடுகிறோம், நிரல் சேர்ந்ததிலிருந்து பயனாளர் கைக்குப் போக எவ்வளவு நேரம், வெளியிட்டவற்றில் எத்தனை விழுக்காடு கோளாறு செய்தது, கோளாறு வந்தால் மீள எவ்வளவு நேரம். முதல் இரண்டு வேகம், அடுத்த இரண்டு உறுதி. நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றைத் தனியே உயர்த்துவது எளிது. இவற்றோடு, கேட்ட நாளிலிருந்து கொடுத்த நாள்வரை ஆன மொத்த நாட்கள். அதிலும் சராசரி வேண்டாம். 100 வேலையில் 85 வேலை எத்தனை நாளுக்குள் முடிந்தன என்ற எண்ணைப் பாருங்கள். வாடிக்கையாளரிடம் தேதி சொல்லும்போது அந்த எண்தான் காப்பாற்றும்.

தணிக்கை என்ற சுவர்

வங்கி, மருத்துவம், காப்பீடு போன்ற துறைகளில் கடைசியாக வரும் மறுப்பு இதுதான்: நிரலை எழுதியவரே வெளியிடக் கூடாது என்று விதி இருக்கிறது, ஆகவே தனி ரிலீஸ் குழுவும் மாதாந்தரக் கூட்டமும் இருந்தே தீர வேண்டும். விதியை எடுத்துப் படித்தால் பெரும்பாலும் அது கூட்டத்தைக் கேட்பதில்லை. எழுதியவர் அல்லாத ஒருவர் பார்த்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும், அதற்குப் பதிவு இருக்க வேண்டும், அந்தப் பதிவைத் திருத்த முடியக் கூடாது. அவ்வளவுதான் அதன் சாரம். ஒவ்வொரு மாற்றத்தையும் வேறொருவர் படித்துச் சரிசொன்னால்தான் மையக் கிளையில் சேரும் என்று கருவியிலேயே பூட்டிவிட்டு, வெளியீட்டை மனிதக் கை படாமல் இயந்திரமே செய்யும்படி வைத்தால், யார் எழுதினார், யார் ஒப்புக்கொண்டார், எந்தச் சோதனைகள் தேறின, எந்த நிமிடம் வெளியே போயிற்று என்ற வரலாறு தானாகச் சேர்ந்துவிடும். கூட்டக் குறிப்பைவிடத் தணிக்கையாளருக்கு இது உகந்தது. இதை அவரிடம் முன்கூட்டியே, ஏற்பாட்டை வடிவமைக்கும்போதே காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். முடித்துவிட்டுப் போய் நின்றால், பழக்கமில்லாத எதையும் மறுப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

அப்படி ஒப்புக்கொண்ட பிறகு முகவரிப் பக்கத்தின் கணக்கு மாறும். ரிலீஸ் தேதிக்கான 20 நாள் போகும். நிரலைத் தொட அனுமதி இருந்தால் ஏபிஐக்கான 24 நாளில் 3 நாள் வேலையாக டீமுக்குள் வரும், 21 நாள் போகும். சோதனைச் சூழலைத் தேவைப்படும்போது தானாக எழுப்பிக்கொண்டால் 9 நாள் போகும். 84 நாள் 34 ஆகும். மீதியிருக்கும் 14-ம் 10-ம் கூட்டங்கள். அவற்றுக்கு யாரிடம் பேச வேண்டும் என்பது அதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.